கொம்பு இருந்தால் தென்னைக்கு எதிரியா?

மழைக்காலம் தொடங்கியதும் சென்னையை ஒட்டிய தாம்பரம், சேலையூர், வண்டலூர்ப் பக்கத்து வீடுகளில் வாசல் விளக்கடியில் கறுத்துக் கனத்த வண்டுகள் வந்து விழும். தலையில் கொம்பைக் கண்டாலே, தென்னை வைத்திருப்பவர்கள் காண்டாமிருக வண்டு என்று மிதித்துவிடுகிறார்கள். ஆனால் கொம்பு வைத்த வண்டெல்லாம் தென்னங்குருத்தைத் துளைப்பதில்லை. கதார்சியஸ் என்ற பேரினத்துச் சாணவண்டுகளுக்கும் கொம்பு உண்டு. மாட்டுச் சாணத்தின் அடியில் வளை தோண்டி, சாணத்தை உள்ளே இழுத்து உருண்டை பிடித்து, அதில் முட்டையிடுபவை அவை. மண்ணைக் கிளறி உரமேற்றும் இந்த உழைப்பாளிகள் ஆள்மாறாட்டத்தில் சாவது அநியாயம்.

இரண்டும் ஸ்காரப் குடும்பமே. காண்டாமிருக வண்டுக்கும் கதார்சியஸ் மொலோசஸ் என்ற சாணவண்டுக்கும் லின்னேயஸ் 1758-இல் ஒரே நூலில்தான் பெயர் வைத்தார். அடையாளம் காண, கொம்பை நம்ப வேண்டாம்: காண்டாமிருக வண்டில் பெண்ணுக்கும் சிறு கொம்பு உண்டு; சாணவண்டில் சிறிய ஆண்களுக்குக் கொம்பு வெறும் மேடாகக் குறுகிவிடும். கிடைத்த இடத்தையும் நம்ப முடியாது. காண்டாமிருக வண்டின் புழுவும் எருக்குழியில் வளரும்.

வண்டைப் புரட்டிப் பாருங்கள். பின்னங்கால் கணுவின் முனையில் அசையும் முள் ஒன்றே இருந்தால் சாணவண்டு. இரண்டு இருந்தால் காண்டாமிருக வண்டு. சாணவண்டின் நடுக்கால்கள் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி முளைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால், காண்டாமிருக வண்டின் இறக்கை உறைகள் தொடங்குமிடத்தில் ஒரு முக்கோணத் தகடு தெளிவாகத் தெரியும். கதார்சியஸில் அது தெரியாது. கதார்சியஸின் முகம் மண்வெட்டி போல அகன்று வாயை மறைத்திருக்கும்.

இவ்வளவும் வீட்டிலேயே முடியும். கதார்சியஸில் எந்த இனம் என்று சொல்வதுதான் கடினம். கழுத்துக் கவசத்தின் சொரசொரப்பு, கொம்பின் வடிவம் என நுணுக்கமாக ஒப்பிட வேண்டும். பல நேரம் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே முடிவு செய்வார்கள். இந்தியச் சாணவண்டுகளைப் பற்றி கில்பர்ட் ஆரோ 1931-இல் வெளியிட்ட தொகுதியை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். இனம் அறிய விரும்புபவர்கள் கேட்டுப் பார்க்க, சென்னையிலேயே, சாந்தோமில், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது.

தென்னையைக் காக்க வண்டை மிதிக்கத் தேவையில்லை. எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கலாம். ஊறவைத்த ஆமணக்குப் புண்ணாக்கைப் பானையில் வைத்து வண்டுகளைப் பிடிக்கலாம். அடையாளம் காண, விளக்கடியில் விழுந்ததைப் படம் எடுப்பவர்கள் முதுகோடு நிறுத்தாமல் முகம், அடிப்பக்கம், பின்னங்கால் மூன்றையும் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள்.