ஓரத்தில் நிற்பவர் மட்டும் ஏன் குண்டாகத் தெரிகிறார்?

கல்யாண ஆல்பத்தில் மேடை குரூப் போட்டோவைப் பாருங்கள். நடுவில் மணமக்கள் அச்சு அசலாக இருப்பார்கள். கடைசியில் நிற்கும் சித்தப்பாவின் முகம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டு, தோள் அகன்றிருக்கும். லென்ஸ் மட்டம் என்று பேச்சு வரும். லட்ச ரூபாய் லென்ஸிலும் இதே முகம்தான் விழும். ஏனென்றால் இது லென்ஸின் குறையே அல்ல.

வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான். லென்ஸால் வருவது கோடுகளின் வளைவு. கதவு நிலையை ஃப்ரேமின் ஓரத்தில் வைத்து எடுத்தால், நேரான மரம் வெளிப்பக்கம் பிதுங்கித் தெரியும். ஒவ்வொரு லென்ஸும் எவ்வளவு வளைக்கும் என்று அளந்து வைத்திருப்பதால், கேமராவோ லைட்ரூம் போன்ற மென்பொருளோ அதை நிமிர்த்திவிடும். மூலைகளை இழுத்துத்தான் நிமிர்த்த முடியும் என்பதால் அங்கே கூர்மை சற்றுக் குறையும். 2021-இல் வந்த கேனான் ஆர்எஃப் 16 மி.மீ. இந்தத் திருத்தத்தை நம்பியே சின்னதாகச் செய்யப்பட்ட லென்ஸ். லாவோவாவின் 'ஜீரோ-டி' லென்ஸ்களோ வளைவைக் கண்ணாடியிலேயே அடக்கப் பார்க்கின்றன.

சித்தப்பாவின் முகம் இழுபடுவதற்குக் காரணம் வேறு. கோடுகளை நேராகக் காட்டும் எந்த லென்ஸும் எதிரில் இருக்கும் காட்சியை ஒரு தட்டையான பரப்பில் விரிக்கிறது. கேமராவுக்கு நேரெதிரே உள்ள தட்டையான சுவர் இதனால் கெடாது. ஓரத்துச் செங்கலும் நடுச் செங்கலும் ஒரே அளவில் விழும். தலை உருண்டை. அதிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளி, தட்டையில் நீள்வட்டமாகப் படிகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவைப் படுக்கையாகப் பிடித்து எடுக்கும்போது, ஃப்ரேமின் இடவல ஓரத்தில் இருக்கும் தலை 35 மி.மீ. லென்ஸில் 12 சதவீதம் அகலும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. 24 மி.மீ.யில் அது 25 சதவீதம். 16 மி.மீ.யில் 50 சதவீதம்! லைட்ரூமில் லென்ஸ் திருத்தத்தை எத்தனை முறை தட்டினாலும் இது குறையாது. 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள், பின்னணிக் கோடுகளை வளைக்காமல் முகங்களை மட்டும் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழியைச் செல்போன்களுக்காக உருவாக்கினார்கள். ஆனாலும் எடுக்கும்போதே தவிர்ப்பதுதான் நல்லது.

அப்படித் தவிர்க்க, கேமராவுடன் பின்னால் நகர வேண்டும். வரிசை 20 அடி அகலம் என்றால், 16 மி.மீ.க்கு 9 அடி தூரம் போதும். 24-க்கு 13 அடியைத் தாண்டும். 35-க்கு ஏறத்தாழ 20 அடி. மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகளை ஒதுக்கினாலே பெரும்பாலும் அந்த இடம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் ஆட்களை இரண்டு மூன்று வரிசையாக நெருக்கி நிறுத்தி, இரு ஓரங்களிலும் வெற்றிடம் விடுங்கள். அந்த இடத்தில் பூ அலங்காரம் இழுபட்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

கட்டடங்களுக்கு வேறு தொல்லை. 1987-இல் முடிக்கப்பட்ட 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைத் தெருவிலிருந்து எடுக்க கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டியிருக்கிறது; உடனே செங்குத்துக் கோடுகள் எல்லாம் உள்பக்கம் சாய்கின்றன. கோபுரம் இயல்பாகவே மேலே குறுகுவதால் அதில் சட்டென்று தெரியாது. பக்கத்து மின்கம்பங்களைப் பாருங்கள், விழப்போவது போல் நிற்கும். லென்ஸையே மேலே நகர்த்தும் ஷிஃப்ட் வகை இதற்கென்றே இருக்கிறது. கேனான் 2009-இல் 17 மி.மீ.யில் ஒன்று கொண்டுவந்தது. விலை அதிகம். கேமராவை மட்டமாகப் பிடித்து, இன்னும் வைடான லென்ஸில் எடுத்து, கீழே வரும் தரையை வெட்டிவிட்டாலும் கோடுகள் நேராக நிற்கும். 14, 16 மி.மீ. லென்ஸ்களின் உண்மையான பயன் இங்கேதான்.

ஆகவே கோயில், வீட்டு உள்ளறை, மலைக்காட்சி எடுப்பவர்களுக்கு 16. மனிதர்களை எடுப்பவர்களுக்கு 35. கிராப் சென்சார் கேமராவில் இவற்றுக்கு ஈடாக முறையே 10, 23 மி.மீ. பாருங்கள். வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, வீட்டில் ஒருவரை ஃப்ரேமின் ஓரத்தில் நிற்கவைத்து எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் பணம் இருக்கிறது, வீட்டு விசேஷங்களுக்குத்தான் கேமரா என்றால், 35-ஐ வாங்குங்கள்.