கிடங்குக்குள் என்ன? கேட்க வேண்டியவர் யார்?

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து ஆட்டை ஓட்டி வருகிற உழவன், வியாபாரியோடு பேரம் பேசுகிறான். பல்லைப் பார்க்கிறான் வியாபாரி, எடையைக் கையால் தூக்கிப் பார்க்கிறான். ஓர் ஆட்டை வாங்கக்கூட இத்தனை சோதனை! ஆனால் ஊருக்குள் ஒரு தொழிற்சாலையோ கிடங்கோ வருகிறதென்றால், மன்றத்தில் நிகழ்ச்சிநிரலின் கடைசி வரியாக வாசித்து, "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி, தேநீர் குடித்துக் கலைந்துவிடுகிறார்கள். இது எந்த ஊர் மன்றத்திலும் நடக்கக்கூடிய சங்கதிதான்.

"கிடங்குதானே! புகை இல்லை, கழிவுநீர் இல்லை, சரக்கு வரும், சரக்குப் போகும்" என்பார்கள் கனதனவான்கள். அப்படியா?

சென்னை மணலியில் ஒரு சரக்குப்பெட்டக நிலையம். 2015இல் சுங்க இலாகா கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட், ஏறத்தாழ 700 டன், அங்கே ஐந்தாண்டு காலம் கிடந்தது. சுற்றி வாழ்ந்த எத்தனை பேருக்கு அது தெரியும்? 2020 ஆகஸ்ட் 4ஆம் நாள், கடல்கடந்த பெய்ரூட் நகரத் துறைமுகக் கிடங்கில் அதே சரக்கு வெடித்து இருநூறு பேருக்கு மேல் மாண்ட பிறகுதான் இங்கே சர்க்காருக்கு விழிப்பு வந்தது. அவசர அவசரமாக லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். மணலி மக்களைக் காப்பாற்றியது பெய்ரூட் மக்களின் பிணங்கள், தோழர்களே! எந்த மன்றத்தின் தீர்மானமும் அல்ல.

அவ்வளவு தூரம் ஏன்? நம் வட்டாரத்தையே பார்ப்போம். ராணிப்பேட்டையில் குரோமியம் உப்புகள் செய்த தொழிற்சாலை 1990களின் நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு போனது. போகும்போது இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட நச்சுக் கழிவை வெட்டவெளியில் விட்டுப் போனது. அந்தக் குவியலும் ஒருவகைக் கிடங்குதான்! பூட்டு இல்லை, கூரை இல்லை, காவற்காரன் இல்லை. மழை பெய்தால் மஞ்சளாக வழிந்தது.

அதே ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகளைச் சேறு விழுங்கியது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்த இடத்திலேயே படுக்கை. படுத்த இடத்திலேயே மரணம்.

இதைச் சொன்னால், "தொழிலே வேண்டாம் என்கிறாயா?" என்று பாய்கிறார்கள். இல்லை ஐயா! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் தந்த கூலியில் வளர்ந்த குடும்பங்கள் ஆயிரமாயிரம். வேலை வேண்டும் என்று கேட்கிற தோழன் அறியாதவன் அல்லன். அடுப்பு எரிய வேண்டியவன். கேள்வி வேறு. எத்தனை பேருக்கு வேலை? நிரந்தரமா, காண்டிராக்டா? வைப்பு நிதி உண்டா? உள்ளூர்க்காரனுக்கு மூட்டை தூக்கும் வேலையாவது மிஞ்சுமா? நவீனக் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் வண்டி ஒன்று பல முதுகுகளின் வேலையைச் செய்கிறதே!

1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம், வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொன்னது. நல்ல தீர்ப்பு! ஆனால் 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மறுபடியும், இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள்! கிணறு கெட்டபோது இளைஞனாக இருந்தவன் பேரனை எடுத்துவிட்டான். கெட்ட பிறகு நீதி தேடுவதன் விலை இது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து விழுமுன் கேட்டிருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும்.

கேட்ட மன்றம் உண்டா? உண்டு. பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி பஞ்சாயத்து. பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு 2000இல் அனுமதி தந்ததும் அதே பஞ்சாயத்துத்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். கிணற்று நீர் கெட்டது, ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. எதிரே நின்றது உலகக் கம்பெனி. வழக்குகள் இருபக்கமும் சாய்ந்தன. ஆனாலும் 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

ஒடுகத்தூர் பேரூராட்சி. இங்கே கிராமசபை கிடையாது. ஆனால் 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபை கூடத் தொடங்கியிருக்கிறது. நாளை இந்த வட்டாரத்தின் எந்த மன்றத்துக்குக் கிடங்குத் திட்டம் வந்தாலும், வார்டுத் தோழன் அங்கே போய் உட்காரட்டும். உள்ளே என்ன சரக்கு? எத்தனை டன்? தீப்பிடித்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? மழைநீர் எந்த ஏரிக்கு வடியும்? இரவில் லாரி எந்தத் தெரு வழியே போகும்? காவற்காரனுக்கு எத்தனை மணிநேர வேலை? பதிலை வாயால் வாங்காதே, குறிப்பேட்டில் எழுத வை. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல். அதன் பிறகு கவுன்சிலர் கைதூக்கட்டும்.