அடைக்கோழிக்கு ஒரு கை உதவி

செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்பு ஓரத்து வீடுகளில் வாசலில் பஞ்சாரம் கவிழ்த்திருக்கும். கோழி விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்காசு. குஞ்சுகள் கூண்டோடு போனால் நஷ்டமும் அவளுக்குத்தான்!

இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கூட்டை விட்டு எழ மறுக்கிறதா உங்கள் கோழி? அடைக்குத் தயார் என்று அர்த்தம். இருட்டு மூலையில், உமி பரப்பிய கூடையில், ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளாகப் பத்துப் பன்னிரண்டு வையுங்கள். இடிக்குப் பயந்து பாட்டி இரும்புத் துண்டும் கரியும் போடச் சொன்னால் போடுங்கள், கெடுதலில்லை. ஆனால் குஞ்சை வளர்ப்பது தாயின் சூடுதான்.

7ஆம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலைபோல் ரத்த நாளம் தெரிந்தால் கரு உண்டு. வெறுமனே தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரியும். அவசரப்பட்டு ஓட்டை உடைக்காதீர்கள்.

முதல் நாள் தீனி இல்லையே என்று தவிக்க வேண்டாம். மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றில் இருக்கும். பிறகு நொய் போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது.

பருந்தைத் தாய்க்கோழி விரட்டிவிடும். வெள்ளைக்கழிச்சலை விரட்ட அதனால் முடியாது! ராணிக்கெட் என்பதும் இதுவே. வந்தபின் மருந்தில்லை. அதனால் 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிள்ளைக்குச் சொட்டு மருந்து போட மறக்காத நாம், இதை மட்டும் மறக்கலாமா?