மாடிக் கம்பிக்கு அளவு சொன்னது யார்?

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறிச் சுற்றிலும் பாருங்கள். நெருக்கியடித்த வீடுகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், துணிக்கொடிகள், அந்தப் பக்கம் தடதடத்துப் போகும் ரயில். நடுநடுவே டிஷ்கள். அநேகமாக எல்லாமே தென்கிழக்குப் பக்கமாகத் திரும்பியிருக்கும். எங்காவது ஒரு பழைய மாடியில் அலுமினியக் குழாய்களை வரிசையாகக் கோத்த டிவி ஆன்டெனாவும் காக்காய் உட்காரும் இடமாக மிஞ்சியிருக்கலாம்.

அந்தக் குழாய்களை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: எல்லாம் ஒரே நீளம் இல்லை. கடைசிக் குழாய் கொஞ்சம் பெரிது, முன்னால் இருப்பவை கொஞ்சம் சிறிது. யார் சொல்லி அப்படி வெட்டினார்கள்?

அலைதான் சொன்னது. ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பெங்களூரு ஆகாசவாணியின் எஃப்.எம். ரெயின்போ 101.3 மெகாஹெர்ட்ஸில் பாடுகிறது. அதாவது நொடிக்கு 10 கோடியே 13 லட்சம் முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குள் அலை எவ்வளவு தூரம் போகும்? 300-ஐ 101.3-ஆல் வகுத்தால் 2.96 மீட்டர். இதுதான் அலைநீளம்.

அலை வந்து கம்பியில் பட்டதும் உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஆடும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால்தானே உயரம் ஏறும்? கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதியாக இருந்தால், ஒவ்வொரு தள்ளலும் சரியான நேரத்தில் விழும். கைக்கு வந்த நீளத்தில் வெட்டினால் ஆட்டம் சோர்ந்துவிடும்.

ஒரு கம்பி மட்டும் இருந்தால் முன்னாலிருந்து வருவதையும் பின்னாலிருந்து வருவதையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும். பின்னால் சற்று நீளமான குழாய் ஒன்றை வைத்தால் அது அலையை முன்பக்கம் திருப்பிவிடும். முன்னால் சற்றுக் குட்டையான குழாய்களை வைத்தால் அவை அலையை இழுத்துக் கூட்டிவரும். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் செண்டாய் நகரில் தொஹொகு பல்கலைக்கழகத்தில் இருந்த ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும். ஆண்டு 1926. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது. ஆனாலும் உலகம் ‘யாகி ஆன்டெனா’ என்றே கூப்பிடுகிறது. எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. இதைவிட வேடிக்கை, 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படைக்கு ஒரு பிரிட்டிஷ் வீரரின் குறிப்பேடு கிடைத்ததாம். அதில் அடிக்கடி வந்த ‘யாகி’ என்ற சொல் அவர்களுக்குப் புரியவில்லை. கைதியைக் கேட்டபோதுதான் அது தங்கள் ஊர்ப் பேராசிரியரின் பெயர் என்றே தெரிந்ததாம்!

அளவு சரி. உயரம் எதற்கு? எஃப்.எம்., டிவி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமி உருண்டையாக இருப்பதால் தூரத்து வீடு அதன் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். ஒரு குட்டிக் கணக்கு இருக்கிறது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4-ஆல் பெருக்குங்கள். அலை ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர் போகும். 100 மீட்டர் கோபுரம் என்றால் 40 கிலோமீட்டர். உங்கள் ஆன்டெனாவின் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துத் தாத்தா பாட்டிகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியது. நம் தென்கடற்கரை மக்கள் வீட்டுக் கூரையில் உயரமான கம்பம் நட்டு, பூஸ்டர் வைத்து, அதைப் பார்த்தார்கள். இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை, 2,524 மீட்டர். அதன் உச்சியிலிருந்து அனுப்பினாலும் நம் கணக்குப்படி 200 கிலோமீட்டர்தான் வரும். 20 மீட்டர் கம்பம் இன்னொரு 18 கிலோமீட்டர் சேர்க்கும். ராமேஸ்வரமோ அந்த மலையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர்! மீதித் தூரத்துக்குக் கைகொடுத்தது கடல் காற்று. கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்று, அதன் மேலே உலர்ந்த வெப்பக் காற்று என்று அடுக்கு அமைந்தால், அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து கடலோடு ஒட்டியே வரும். அடுக்கு கலைந்தால் படமும் கலையும். ஒரு நாள் பளிச்சென்று தெரிந்த படம் மறுநாள் வெறும் புள்ளியாகப் பொரிந்ததற்கு இதுதான் காரணம். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்குப் பாவம், இது தெரியாது.

இப்போது நாமே ஒன்று செய்யலாமா? தூர்தர்ஷன் பழைய முறைக் கோபுரங்களைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது, ஆகவே எஃப்.எம். ஆன்டெனாதான் நமக்கு ஏற்றது. 101.3-க்குப் பாதி அலைநீளம் 1.48 மீட்டர். கம்பிக்குள் ஓட்டம் கொஞ்சம் தாமதப்படுவதால் சுமார் 5 சதவீதம் குறைத்து வெட்டவேண்டும்: 1.41 மீட்டர். அதை நடுவில் இரண்டாக்கினால் பக்கத்துக்கு 70 சென்டிமீட்டர். இரண்டு செம்புக் கம்பிகளையும் ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் நேர்கோட்டில் கட்டுங்கள்; நடுவில் இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. கேபிள் டிவி வயரின் நடுக்கம்பியை ஒரு துண்டிலும், சுற்றியுள்ள பின்னலை மறு துண்டிலும் இணைத்து, இணைப்பில் மழை இறங்காதபடி டேப் சுற்றுங்கள். வயரின் மறுமுனையை ரேடியோவின் ஆன்டெனா துளையில் மாட்டவேண்டும். துளை இல்லாத, பேட்டரியில் பாடும் ரேடியோ என்றால் நடுக்கம்பியை அதன் நீட்டுக் கம்பியில் கிளிப் போட்டாலும் போதும். குழாயைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், நிமிர்த்திப் பாருங்கள், திருப்பிப் பாருங்கள். பாட்டு எப்போது தெளிகிறதோ அப்படியே கட்டிவிடுங்கள். பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள்; அது பாட்டோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். முதலில் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் மாடிக்குத் தனியாக ஏறக் கூடாது. ஒக்கலிபுரம் மாதிரிச் சந்துகளில் மின்கம்பி கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்திலேயே ஓடும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாக இருக்கவேண்டும். இரும்புக் கம்பத்தை நிமிர்த்தும்போது மின்கம்பியில் பட்டு உயிர் போனது உண்டு. அப்படி இடம் இல்லையென்றால் மாடியையே மறந்துவிட்டு ஜன்னலுக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள். எஃப்.எம்.முக்கு அநேகமாக அதுவே போதும். ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மாலை இடி மழை சகஜம். வானம் கறுக்கும்போதே வயரைக் கழற்றிவிடுங்கள், இடி தொடங்கிய பிறகு தொடாதீர்கள். மாடியில் உலோகக் கம்பம் நட்டால் அதற்கு எர்த் கொடுப்பது எலக்ட்ரீஷியன் வேலை, உங்கள் வேலை இல்லை.

அந்த டிஷ்களை மறக்கவில்லை. தூர்தர்ஷனின் இலவச டிஷ் பார்ப்பது ஜிசாட்-15 செயற்கைக்கோளை. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அது, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. அதற்கு நேர் கீழே சுமத்ராவுக்கு மேற்கே உள்ள கடல். பெங்களூரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, 77.6 பாகையில் இருக்கிறது. தெற்கும் பார்க்கவேண்டும், கிழக்கும் பார்க்கவேண்டும், அதனால்தான் தென்கிழக்கு!

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் உங்கள் வானொலியின் எண்ணைப் போட்டு நீளத்தைக் கண்டுபிடியுங்கள். கொடைக்கானல் பண்பலை 100.5-க்குப் பக்கத்துக்கு 71 சென்டிமீட்டர் வரும். கேட்பதோடு நிற்காமல் அலை அனுப்பிப் பேசவும் ஆசையா? அதற்கு அமெச்சூர் வானொலி உரிமம் வேண்டும். 12 வயது ஆகிவிட்டால் அந்தத் தேர்வை நீங்களே எழுதலாம்.