ரோமானியர்கள் ஏன் லண்டன் ஆங்கிலம் பேசுகிறார்கள்?

‘செர்னோபில்’ தொடரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியதிலிருந்து வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கேட்கின்றன. வெடித்த அணு உலையைப் பற்றி மாஸ்கோ விஞ்ஞானி பேசுகிறார், சரி. அதை ஏன் பிரிட்டிஷ் ஆக்சென்டில் பேசுகிறார்? சிலர் இது தயாரிப்பாளரின் சோம்பல் என்கிறார்கள். ஒருவர் வெள்ளைக்காரன் சதி என்றே முடிவு கட்டிவிட்டார். பலர் கொஞ்சம் கூச்சத்தோடு, “ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் சார்?” என்று முடிக்கிறார்கள். பக்கம் இன்று மாலை அச்சுக்குப் போகிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன்.

பிரிட்டிஷ் உச்சரிப்புக்கும் அமெரிக்க உச்சரிப்புக்கும் என்ன வித்தியாசம் என்ற பாடத்துக்குள் போகப்போவதில்லை. ஒரு ஜேம்ஸ் பாண்ட் படமாவது பார்க்காதவர் இந்தப் பக்கத்தைப் புரட்ட மாட்டார். (சினிமாவின் முதல் பாண்டான ஷான் கானரி, எடின்பரோவில் பால் ஊற்றியவர். அந்த ஸ்காட்லாந்து வாடை அவர் நாக்கைவிட்டுப் போகவே இல்லை.)

தயாரிப்புத் தரப்பு சொல்லும் காரணம் இது. 2019-ல் வந்த அந்தத் தொடரை எழுதிய கிரெய்க் மேசின், முதலில் ரஷ்ய வாடையோடு ஆங்கிலம் பேச வைக்கலாமா என்று யோசித்ததாகவும், அப்படிப் பேசினால் நடிகர்கள் பாத்திரத்தை விட்டுவிட்டு ஆக்சென்டை நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதால் அதைக் கைவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அவரவர் சொந்தக் குரலில் பேசட்டும் என்று விட்டுவிட்டார்களாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சொந்தக் குரல் என்ற பேச்சு, யாருடைய சொந்தக் குரல் என்ற கேள்வியை நைசாகத் தாண்டிப் போகிறது. அந்த விஞ்ஞானி லெகாசோவாக வந்த ஜாரெட் ஹாரிஸும் உடன் வந்த எமிலி வாட்சனும் லண்டன்காரர்கள். ஜெஸ்ஸி பக்லியும் பாரி கியோகனும் அயர்லாந்து. ஸ்டெல்லான் ஸ்கார்ஸ்கார்ட் ஸ்வீடன். டெக்சாஸ் இழுவையோடு ஒருவர் வந்து கிராஃபைட் துண்டுகளைப் பற்றிப் பேசியிருந்தால் அமெரிக்க ரசிகர் சிரித்திருப்பார். ஆக, எந்தக் குரல் வேண்டும் என்பது நடிகர் தேர்விலேயே முடிவாகிவிட்டது. ‘இயல்பாக விட்டுவிட்டோம்’ என்று யாராவது பேட்டி கொடுத்தால் அந்த இயல்பு எந்த ஊர் இயல்பு என்று கேளுங்கள்.

இந்த வழக்கம் பழையது. ‘பென்-ஹர்’ (1959) படத்தில் யூத நாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் அமெரிக்கர். ரோமானியர்களுக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் குரல். அடுத்த ஆண்டு ‘ஸ்பார்டகஸ்’. அடிமைகள் பக்கம் கிர்க் டக்ளஸ், டோனி கர்டிஸ். ரோம் பக்கம் லாரன்ஸ் ஒலிவியே, சார்லஸ் லாட்டன், பீட்டர் உஸ்தினோவ். (அடிமைப் பெண்ணாக வந்த ஜீன் சிம்மன்ஸ் லண்டன்காரர் என்பதால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது.) அமெரிக்க ரசிகருக்கு அந்தக் குரல் அந்நியமாகவும் இருக்க வேண்டும், சப்டைட்டில் இல்லாமல் புரியவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தருகிற சரக்கு உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது. போதாததற்கு, பேரரசு ஒன்றை எதிர்த்துச் சண்டை போட்டு விடுதலை வாங்கிய நாடு அது. எந்தப் பேரரசு என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

இதுவரை சொன்னதில் புதுமை ஒன்றுமில்லை. என்னைத் தொந்தரவு செய்வது இனிமேல்தான் வருகிறது.

‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தில் ஒரு கிரகத்தையே வெடிக்கச் செய்கிற டார்கின் பேசுவது பீட்டர் குஷிங்கின் சுத்தமான பிரிட்டிஷ் ஆங்கிலம். நாயகனுக்கு வித்தை சொல்லித்தரும் குருநாதர் அலெக் கின்னஸ் பேசுவதும் ஏறத்தாழ அதேதான். ஒரே குரல் கொடுங்கோலனுக்கும் பொருந்துகிறது, ஞானிக்கும் பொருந்துகிறது என்றால் அது கேட்பவருக்கு என்னதான் சொல்கிறது?

இதற்கு விடை சினிமாவில் இல்லை, உளவியல் ஆய்வறைகளில் இருக்கிறது. வாலஸ் லாம்பர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஒரு சோதனை நடத்தி 1960-ல் வெளியிட்டார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசுகிறவர்களை ஒரே பகுதியை இரண்டு மொழியிலும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பதிவுகளைக் கலைத்துப்போட்டு, இவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்று கேட்பவர்களை நம்பவைத்து, ஒவ்வொருவரும் எப்படிப்பட்டவர் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆங்கிலம் பேசியபோது அறிவாளியாகவும் நம்பத்தகுந்தவராகவும் தெரிந்த அதே ஆள், பிரெஞ்சு பேசியபோது இரண்டு படி இறங்கிவிட்டார். இதில் நெஞ்சில் தைப்பது, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தங்கள் மொழிக் குரலுக்குத்தான் குறைத்துப் போட்டார்கள் என்பது.

ஹவர்ட் ஜைல்ஸ் என்ற ஆய்வாளர் இதே உத்தியைப் பிரிட்டனின் உள்ளூர் உச்சரிப்புகளுக்குப் பயன்படுத்தினார். ஒரே ஆள் பல வட்டார வாடைகளில் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டவர்கள், ஆர்.பி. எனப்படும் மேட்டுக்குடி உச்சரிப்பை அறிவு, கௌரவம், தன்னம்பிக்கை ஆகியவற்றில் உச்சியில் வைத்தார்கள். பர்மிங்ஹாம் பேச்சு அடிமட்டத்தில் கிடந்தது. ஆனால் பாசம், நேர்மை, நகைச்சுவை என்று வரும்போது வட்டார வாடைகள் மேலே ஏறிக்கொண்டன. ஆர்.பி.க்குத் திறமைப் பட்டம் கிடைக்கிறது, ஈரம் மட்டும் இல்லை.

வில்லனை எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? திறமைசாலி, ஈரமில்லாதவன் என்று நிரூபிக்க மூன்று காட்சி தேவையில்லை; வாயைத் திறந்தால் போதும். குருநாதருக்கோ அந்தத் திறமை மட்டும் தேவை, ஈரத்தைக் கதை கொடுத்துவிடும். குரல் ஒன்றேதான், அதிலிருந்து எந்தப் பாதியை எடுப்பது என்பதுதான் எழுத்தாளரின் வேலை.

இது நிஜ பிரிட்டனைப் பற்றிய தகவல்தானா, கேட்பவர் காதில் ஏற்கெனவே இருக்கும் கருத்தா என்று சந்தேகப்படுகிறவர்கள் டிஸ்னியின் ‘அலாவுதீன்’ (1992) படத்தைப் பார்க்கலாம். கதை நடப்பது அரபு நகரம். நாயகன், நாயகி இருவரும் அமெரிக்கப் பிள்ளைகள் போலப் பேசுவார்கள். சந்தை வியாபாரிகளுக்கு அரபு வாடை. மந்திரி ஜாஃபருக்குப் பிரிட்டிஷ் நாடக மேடைக் குரல். அதைக் கொடுத்த ஜொனாதன் ஃப்ரீமன் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர். நடிகர் பிரிட்டிஷ்காரராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போய்விட்டது.

எதிர்ப்பக்கம் டேவிட் பிரவுஸ். ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடரின் கறுப்பு உடைக்குள் நின்றவர், பிரிஸ்டல்காரர், அசல் பிரிட்டிஷ்காரர். ஆனால் அது இங்கிலாந்தின் மேற்குப் பகுதி விவசாயி வாடை. படப்பிடிப்பில் வசனம் முழுவதையும் அவர்தான் பேசினார். திரையில் கேட்பது ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற அமெரிக்கரின் குரல். அதே பிரிஸ்டலில் பிறந்த ஆர்ச்சிபால்ட் லீச், ஊர் வாடையைத் துடைத்துவிட்டு எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு நேர்த்தியான குரலைத் தயாரித்துக்கொண்டு கேரி கிராண்ட் என்ற பெயரில் ஹாலிவுட்டை ஆண்டார். ‘பிரிட்டிஷ் ஆக்சென்ட்’ பிடிக்கும் என்று எழுதியிருக்கும் அன்பர்களுக்குப் பிடித்தது எது என்று இப்போது புரிந்திருக்கும். மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் போட்ட கணக்கில் ஆர்.பி. பேசுகிறவர்கள் பிரிட்டன் மக்கள்தொகையில் சுமார் 3 விழுக்காடு. மற்ற 97 பேரின் குரலும் பிரிட்டிஷ்தான். அதற்கு இவ்வளவு ரசிகர்கள் இல்லை.

அந்தச் சிறுபான்மைக் குரலை நாட்டின் குரல் ஆக்கியதில் பிபிசிக்குப் பெரும்பங்கு உண்டு. 1926-ல் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் தலைமையில் உச்சரிப்புக்கென்றே ஒரு குழு அமைத்தார்கள்; பெர்னார்ட் ஷாவும் அதில் உண்டு. எது சரியான ஆங்கிலம் என்று தீர்ப்பு சொல்வது நோக்கமில்லை, அறிவிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவே என்றார்கள். நாடு முழுக்க ஒரே ஒலிபரப்பு நிறுவனம், அதில் ஒரே மாதிரிக் குரல், அந்தக் குரலில் செய்தி. இதற்குப் பிறகு தீர்ப்பு என்று தனியாக எதற்கு? 1941-ல் யார்க்‌ஷயர்காரர் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தேசியச் செய்தி வாசிக்க வந்தார். ஜெர்மானியர்களால் இந்த வாடையைப் போலி செய்ய முடியாது என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. நேயர்களிடமிருந்து வந்த புகார்களில் ஒன்று, இந்தக் குரலில் கேட்டால் செய்தி நம்பும்படியாக இல்லை என்பது. செய்தி அதே செய்திதான்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை அமெரிக்கர் பார்த்தால் எல்லோரும் பொத்தாம்பொதுவாகப் பழங்காலத்து ஆட்கள். ஷெஃபீல்டுக்காரர் ஷான் பீன் ஊர்ப் பேச்சிலேயே நெட் ஸ்டார்க்கைப் பேசியதைக் கேட்ட பிரிட்டிஷ்காரருக்கோ வடக்கு, தெற்கு, சாதாரண ஜனம், சீமான் என்று முழு வரைபடமும் ஒரு வாக்கியத்தில் விரிந்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு ஒத்துப்போக, பிரபு வம்சத்து லண்டன்காரரான கிட் ஹாரிங்டன் வடக்கத்தி வாடையை வரவழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்டார்க் வீட்டுப் பெண்கள் ஏன் தெற்கத்தியாகப் பேசுகிறார்கள் என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

மீதிக் கேள்விகள், இடம் இருக்கும்வரை.

டிஸ்னி படங்களில் வில்லன் என்றாலே பிரிட்டிஷ்தானா? ரோசினா லிப்பி-கிரீன் 24 டிஸ்னி படங்களின் 371 பாத்திரங்களை ஆராய்ந்தார்; அமெரிக்கக் குரல்களில் கெட்டவர் சுமார் 20 விழுக்காடு, ஆங்கிலத்தை அந்நிய வாடையோடு பேசுகிறவர்களில் ஏறத்தாழ 40. பிரிட்டிஷ்காரரைவிட அதிகம் பரிதாபத்துக்குரியவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பிரிட்டிஷ் தொடர் மோகம் எப்போது? பொதுத் தொலைக்காட்சியில் 1971-ல் தொடங்கிய ‘மாஸ்டர்பீஸ் தியேட்டர்’ பெரிய காரணம்; கலைச்சேவை என்ற பெயரில் பணம் போட்டது மொபில் எண்ணெய் நிறுவனம்.

ஹ்யூ லாரி அமெரிக்கரா? இல்லை, ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்து ஈட்டன் பள்ளியில் படித்தவர்; ‘ஹவுஸ்’ தொடர் முழுக்கப் பேசியது வரவழைத்த குரல்.

பர்மிங்ஹாம் பேச்சுக்கு விமோசனம்? ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ கொஞ்சம் செய்தது, அதுவும் அயர்லாந்துக்காரர் கிலியன் மர்ஃபியின் வாயால்.

எல்லாப் படங்களும் இப்படித்தானா? ‘த டெத் ஆஃப் ஸ்டாலின்’ (2017) பாருங்கள்; குருஷ்சேவ் நியூயார்க், ஜுகோவ் யார்க்‌ஷயர்.

தமிழ் டப்பிங்கில் இதெல்லாம் தெரியுமா? தெரியாது, ஜாஃபரும் அலாவுதீனும் ஒரே தெருக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

மிக மோசமான பிரிட்டிஷ் ஆக்சென்ட் யாருடையது? ‘மேரி பாப்பின்ஸ்’ (1964) படத்தில் டிக் வான் டைக் பேசிய லண்டன் காக்னி; 2017-ல் அவரே மன்னிப்பும் கேட்டுவிட்டார்.