டாக்டராகாத மகள்

பாரதிராஜாவின் 'கருத்தம்மா'வை 1994 கடைசியில் மேலூரில் பார்த்தேன். கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலு வருஷம். பக்கத்து சீட்டுகளில் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார்கள்.

கதை எங்கள் சீமைக் கதைதான். பெரியார்தாசன் நடித்த மொக்கையன், பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுவிடச் சொல்கிறான். அதை ஒரு வாத்தியார் காப்பாற்றி வளர்க்கிறார். அவள் டாக்டர் ரோசியாக அதே ஊருக்கு வந்து, கை கால் விழுந்து கிடக்கும் தகப்பனுக்கே வைத்தியம் பார்க்கிறாள். வைரமுத்துவின் பாட்டு வரிகளுக்கும் ஸ்வர்ணலதாவின் குரலுக்கும் தேசிய விருது கிடைத்தது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்ற விருதும் வந்தது.

எல்லோரும் ரோசியைத்தான் பேசினார்கள். ஆனால் படத்துக்கு ரோசியின் பெயர் இல்லை. காட்டிலும் வீட்டிலும் பாடுபடும் அக்காள் கருத்தம்மாவின் பெயர்தான். அது சரியான முடிவு என்று மறு வருஷமே எனக்குப் புரிந்தது.

ஒரு வீட்டில் மூன்றாவதும் பெண். எடை பார்க்கப் போனேன். தாய்க்காரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளை பாலுக்கு அழுது அழுது குரல் கம்மியிருந்தது. மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"இதுவும் பொட்டையாப் போச்சே நர்சம்மா. அந்தப் படத்துல மாதிரி டாக்டராவா ஆகப்போகுது?"

"ஆகலைன்னா என்ன ஆத்தா? நீங்க ஆனீகளா? நல்லாத்தான இருக்கீக?"

அந்தம்மா பதில் பேசவில்லை. நான் பிள்ளையைத் தூக்கித் தாயின் மார்பில் வைத்தேன். பத்து நாள் விடாமல் போனேன்.

அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறாள். விடியற்காலையில் மல்லிகை மூட்டை இறங்கும்போது தராசு முள்ளைவிட்டு அவள் கண் நகராது. என்னைப் பார்த்தால் ஈரக் கையோடு ஒரு பந்து பூ எடுத்துத் தருவாள். உயிரோடு இருக்க அவள் எந்தப் பரீட்சையும் பாஸாக வேண்டியதில்லை.

எல்லாப் பெண் பிள்ளைகளும் அவளைப் போலத் தப்பவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த பெண் குழந்தைகளுக்குக் கள்ளிப்பால் கொடுத்துக் கொன்றதை 1986-இலேயே 'இந்தியா டுடே' எழுதியது. பெற்றவர்கள் வேண்டாமென்ற பெண் குழந்தைகளை அரசே வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் வந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம், படம் வந்த அதே 1994-இல்தான் நிறைவேறியது. இருந்தும் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1,000 ஆண்களுக்கு 1991-இல் 948 பெண்கள், 2011-இல் 943. கள்ளிப்பால் செய்த வேலையை ஸ்கேன் மெஷின் செய்தது.

ஸ்கேன் சென்டரில் ஆணா பெண்ணா என்று கண் ஜாடையில் சொன்னாலும் அது குற்றம். கேட்பதும் குற்றம். பக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஆபத்து என்று மனதில் பட்டால் தயங்காதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள்.