கரும்புத் தீவில் வெயில் விளக்கு

சாயங்காலம் இஞ்சின் கொட்டகையில் சத்தம் கேட்டால் லயத்தில் விளக்கு எரியும். இரவு பத்து மணிக்கு அது நின்றதும் தோட்டமே இருண்டுவிடும். அந்தக் காலத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். டீசல் இல்லையென்றால் வெளிச்சமும் இல்லை. ஒரு மாநிலமே ஏறக்குறைய இப்படித்தான் கப்பலில் வரும் எண்ணெயை நம்பி வாழ்ந்தது.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தைச் சொல்கிறேன். பசிபிக் கடல் நடுவே உள்ள தீவுகள் அவை. அங்கும் தோட்டத்து மக்கள்தாம். ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், போர்ச்சுகல் என்று பல நாடுகளிலிருந்து கரும்புக் காட்டு வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள். மண்ணுக்கடியில் எண்ணெயும் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஆகவே மின்கட்டணம் அமெரிக்காவிலேயே மிக அதிகம். போதாததற்கு, எண்ணெய்ப் புகையால் பூமி சூடேறிக் கடல் உயர்ந்தால் முதலில் கரைவதும் தீவுக்காரர் நிலம்தானே!

2010 முதல் அங்கே புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு வெயிலில் தண்ணீர் சூடாக்கும் கருவி வேண்டும் என்று மாநிலம் விதித்தது. 2015 ஜூனில் கவர்னர் டேவிட் இகே இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மின்சாரத்தில் 2030-க்குள் 40 விழுக்காடு, 2040-க்குள் 70, 2045-க்குள் முழுவதும் வெயில், காற்று, நீர் போன்ற தீராத வளங்களிலிருந்தே வரவேண்டும். அமெரிக்காவில் இப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான்.

முந்திக்கொண்டது கவாய் என்னும் சிறிய தீவு. அங்குள்ள மின்சாரக் கம்பெனியை 2002-இல் மின்சாரம் வாங்கும் மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அறிந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. 2017-இல் சூரியத் தகடுகளோடு பெரிய பேட்டரிகளையும் வைத்தார்கள். பகல் வெயிலைச் சேமித்து, எல்லா வீட்டிலும் அடுப்பெரியும் மாலை நேரத்தில் கொடுப்பதற்காக. கரும்புக்கு நீர் இறைக்க 1906-இல் ஒரு சர்க்கரைக் கம்பெனி அமைத்த வைனிஹா நீர்மின் நிலையமும் இத்தீவில்தான் இருக்கிறது.

எல்லாம் இனிப்பாக நடக்கவில்லை. எரிமலைச் சூட்டில் மின்சாரம் எடுத்த புனா நிலையத்தை 2018-இல் எரிமலைக் குழம்பே சூழ்ந்துகொண்டது. 2020 வரை அது இயங்கவில்லை. 2022 செப்டம்பரில் மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடினார்கள். அந்த இடத்தை அப்போதைக்கு எண்ணெய் நிரப்ப, அது விலையேறிக் கிடந்த சமயமாதலால் ஏழை வீட்டு பில்லும் ஏறியது. சொந்தக் கூரை உள்ளவர் தகடு பொருத்திக்கொண்டார். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்?

கரும்பின் கதையும் முடிந்தது. மவுய் தீவின் கடைசி ஆலை 2016 டிசம்பரில் மூடப்பட்டு 600-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். கரும்புச் சக்கையை எரித்து அவ்வாலை கொடுத்துவந்த மின்சாரமும் போயிற்று. அதே தீவில் லஹைனா ஆலை 1999-இலேயே மூடியிருந்தது. கைவிட்ட காடுகளில் புல் மண்டிக் காய்ந்து கிடந்தது. 2023 ஆகஸ்டில் பலத்த காற்றில் தீப்பிடித்து நகரமே எரிந்து 102 பேர் மாண்டனர். அறுந்து கிடந்த கம்பியில் மறுபடி மின்சாரம் பாய்ந்ததே காரணம் என்று 2024-இல் விசாரணை கூறியது. மின்சாரக் கம்பெனியின் கடன் மதிப்பு சரிந்தது. புதிய சூரிய மின் திட்டங்களுக்குக் கடன் கிடைப்பதும் அத்தோடு கடினமாயிற்று.